மிச்சமிருக்கும் ஒரு ட்யூப்

ஜனவரி 8

தம்பிக்கு அக்கா எழுதுவது.

கடிதமா, இந்தக் காலத்திலா என்று சிரிப்பாய். சிரித்து முடித்துவிட்டு மேலே படி. போனில் பேச எனக்குக் காது இல்லை. புற்றுக்கான அந்தப் பிளாட்டின மருந்து பன்னிரண்டு தடவை ஏறியதில் இரண்டு காதிலும் எந்நேரமும் ஓர் இரைச்சல். எதிரே நின்று கத்துகிறவர் குரல் மட்டும்தான் அதைத் தாண்டி வருகிறது. விரல் நுனியெல்லாம் மரத்துவிட்டது. போன் திரையில் நான் தொடுகிற எழுத்து ஒன்று, விழுகிற எழுத்து ஒன்று. உன் அத்தானிடம் சொல்லி அனுப்பச் சொன்னால் நான் சொல்லும் பத்து வார்த்தையை இரண்டாக்கி, கடைசியில் ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டு அனுப்புவார். தடித்த பேனா என்றால் முழுக் கையாலும் பிடித்துக்கொள்ளலாம். ஆகவே கடிதம்.

நான்கு மாதமாக நாம் பேசிக்கொள்வதில்லை என்பதும் நினைவிருக்கிறது. பேசாதவர்கள் எழுதிக்கொள்ளலாம், தப்பில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாவது மருந்தும் கேட்கவில்லை. டாக்டர் இப்போதெல்லாம் மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதித்தான் என்னிடம் பேசுகிறார். நேற்று மூன்று சீட்டு ஆயிற்று. கட்டி வளர்ந்திருக்கிறதாம். இனி இரண்டு வழி. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வலிக்கு மட்டும் மருந்து வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கலாம். இல்லையென்றால் ஓர் ஆராய்ச்சிச் சிகிச்சையில் சேரலாம். பழைய ஊசியோடு ஒரு புது மாத்திரை, மூன்று வாரத்துக்கு ஒரு செவ்வாய் வீதம் ஆறு தடவை. எல்லோரையும் அதில் சேர்க்க மாட்டார்களாம். கட்டியால் என் வயிற்றில் சேர்ந்த நீரைச் சோதித்துப் பார்த்த உன் ஆய்வகம் 'தகுதி உண்டு' என்று அறிக்கை அனுப்பியிருக்கிறதாம். படிவம் மேஜை மேல் கிடக்கிறது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

அந்த நீரை நீ எடுத்துப்போன நாள் எனக்கு மறக்கவில்லை. வயிற்றில் ஊசியோடு படுத்திருந்தேன். கதவைத் திறந்துகொண்டு நீ வந்தாய், கையில் ஐஸ் பெட்டி. என்னைப் பார்த்து ஒரு தலையாட்டல். பிறகு நர்ஸிடம், "பாட்டில் ரெடியா சிஸ்டர்?" இருபது நிமிடத்தில் கிளம்பிவிட்டாய். நம் பேச்சு நின்றது அன்றைக்குத்தான். உன் அத்தான் அப்போது சொன்னது: "பால்காரன்கூடக் கொஞ்ச நேரம் நின்னு பேசிட்டுப் போவான்."

போகட்டும். என் நீரில் நீ என்னதான் கண்டாய் என்பதை எனக்குப் புரிகிற மாதிரி எழுது. ஆங்கிலத்தை அள்ளிக் கொட்டாதே. களைத்துப் போயிருக்கிறேன், எதற்குக் களைக்கிறேன் என்றாவது தெரியட்டும்.

அக்கா


ஜனவரி 13

அக்காவுக்கு,

உறைமேல் உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்கப் பிரிக்காமல் வைத்திருந்தேன். திட்டு இருக்கும் என்று தெரியும். இருந்தது.

அந்த நீர் நான்கு மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்கு வராவிட்டால் அதிலுள்ள செல்கள் செத்து உடைந்து நீரையே கெடுத்துவிடும். பயணமே மூன்றரை மணி நேரம். இதை அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். உன் முகத்தைப் பார்த்தால் நின்றுவிடுவேன் என்று பயந்துதான் பாட்டிலைப் பார்த்தேன். நம்பினால் நம்பு.

சரி, கேட்டதற்கு வருகிறேன். மருந்து செல்லுக்குள் போகிறது. மருந்துக்குப் பழகிப்போன செல் அதை வெளியே இறைத்துவிடுகிறது. செல்லின் சுவரில் இதற்கென்றே பம்பு இருக்கிறது. நீ குடிநீர் நிலையத்தில் வேலை பார்ப்பவள் என்பதற்காக நான் ஜோடித்துச் சொல்லவில்லை, எங்கள் புத்தகத்திலேயே பம்பு என்றுதான் போட்டிருக்கிறது.

அடுத்தது. எந்தச் செல்லும் நுண்ணிய பைகளை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். எக்சோசோம் என்று பெயர். ஒரு தலைமுடியின் குறுக்கே கிட்டத்தட்ட ஆயிரம் பைகளை வரிசையாக வைத்துவிடலாம், அவ்வளவு சிறியவை. செல் கொட்டும் குப்பை என்றுதான் ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். பிறகுதான் தெரிந்தது, மருந்துக்குப் பழகிய செல் விடுகிற பைக்குள் அந்தப் பம்பும் இருக்கலாம், பம்பு செய்வதற்கான குறிப்பும் இருக்கலாம். மருந்தில் சாக வேண்டிய பக்கத்துச் செல் அந்தப் பையை விழுங்கினால் அதுவும் சாகாமல் நின்றுவிடும். அந்தப் புது மாத்திரை இந்தப் பைகள் வெளியே வருவதைக் குறைக்கும். அதனால்தான் யாருடைய நீரில் இந்த வேலை நடக்கிறதோ அவர்களை மட்டும் சேர்க்கிறார்கள்.

உன் நீரிலிருந்து பைகளை மட்டும் பிரித்து, மருந்தில் சாகக்கூடிய சாதுவான செல்கள் இருக்கும் தட்டில் விட்டேன். மருந்தை ஊற்றிப் பத்து நாள் வைத்தேன். பை போடாத தட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு செல்தான் பிழைத்தது. உன் பைகள் போட்ட தட்டில் அறுபத்தொன்று. நாற்பதைத் தாண்டினால் தகுதி. நீ நன்றாகவே தாண்டிவிட்டாய்.

கையெழுத்துப் போடு அக்கா. எங்கள் தலைவி மேடம்கூட உன் அறுபத்தொன்றைப் பார்த்துவிட்டு, "இந்தப் பேஷன்ட்டுக்கு மாத்திரை கேட்கலேன்னா யாருக்கும் கேட்காது" என்றார். அது என் அக்கா என்று அவருக்குத் தெரியாது. பாட்டிலில் வெறும் எண்தான் இருக்கும்.

தம்பி


ஜனவரி 19

தம்பிக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். மார்ச் முதல் செவ்வாய் ஆரம்பம்.

இதை நீ உன் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொள்ளாதே. போதும், நிறுத்திவிடலாம் என்று மூன்று மாதமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். சொல்லச் சொல்ல அது உண்மை என்று நானே நம்பிவிட்டேன். படிவத்தைக் கையில் எடுத்ததும்தான் தெரிந்தது, வாய்தான் களைத்திருக்கிறது, ஆசை களைக்கவில்லை. உன் அத்தான் படிவத்தைப் பார்த்துவிட்டு அடுக்களையில் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். எனக்குத்தான் காது கேட்காதே, அவர் குழாயைத் திறக்காமலேயே அழுதிருக்கலாம்.

திங்கட்கிழமை பம்பு நிலையத்துக்குப் போய்வந்தேன், விடுப்பை நீட்டிக்க எழுதிக் கொடுக்க. மூன்றாம் மோட்டாரில் பேரிங் போகிற மாதிரி இருக்கிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருடம் காதை வைத்துச் சொன்னவள் நான். இப்போது காதும் இல்லை, விரலும் இல்லை. முழங்கையை மோட்டார் மேல் வைத்துப் பார்த்தேன். அதிர்வு தெரிந்தது. பேரிங் சரி, அடியில் போல்ட்தான் தளர்ந்திருக்கிறது என்றேன். இறுக்கினார்கள், நின்றுவிட்டது. கை தட்டினார்கள். அதுவும் கேட்கவில்லை, பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். பம்பு புரிந்தது, பை புரிந்தது. ஒன்று மட்டும் உறுத்துகிறது. ஒரு தெருவில் மட்டும் தண்ணீர் கலங்கி வருகிறது என்று ஒரு சமயம் புகார் வந்தது. மேல்தொட்டியில்தான் கோளாறு என்று எஞ்சினீயர் ஒரே பிடியாக நின்றார். இரண்டு தடவை தொட்டியைக் கழுவினோம். கடைசியில் பார்த்தால் தொட்டி சுத்தம், சாம்பிள் எடுத்த பாட்டிலைத்தான் எவரும் கழுவவில்லை.

அதனால் கேட்கிறேன். என் நீரிலிருந்து பையை மட்டும் பிரித்ததாக எழுதியிருக்கிறாய். பையோடு என் செல்லும் நாலைந்து சேர்ந்து போயிருந்தால்? அது ஏற்கெனவே மருந்துக்குப் பழகினது. சாதுச் செல் எல்லாம் செத்தாலும் அது சாகாமல் தட்டில் பெருகும். நீ எண்ணும்போது ஆகா, பிழைத்துவிட்டது என்று எண்ணியிருப்பாய். வடிகட்டினாயா?

படிக்காதவள் கேட்கிறாள் என்று நினைக்காதே. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அக்கா


ஜனவரி 23

அக்காவுக்கு,

நீ கையெழுத்துப் போட்ட செய்தி பார்த்துவிட்டு வேலையே ஓடவில்லை. இத்தனை மாதத்தில் இதுதான் நல்ல செய்தி. மாத்திரையால் முதல் இரண்டு வாரம் குமட்டல் இருக்குமாம், அதற்கும் தனி மருந்து கொடுப்பார்கள். எடை குறையாமல் பார்த்துக்கொள்.

முழங்கையை வைத்துப் போல்ட்டைக் கண்டுபிடித்ததை இங்கே தேநீர் நேரத்தில் சொன்னேன். எல்லோரும் அசந்துபோனார்கள்.

வடிகட்டுவதெல்லாம் வழக்கமாக உள்ளதுதான். எங்கள் முறையில் ஏழெட்டுப் படிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் படிவத்தில் கட்டம் இருக்கிறது, டிக் போட்டால்தான் அடுத்த படி. நீ அதைப் பற்றிக் கவலைப்படாதே. உடம்பைப் பார்.

இங்கே குளிர்சாதனப் பெட்டி ஒன்று பழுது. அதனால் அவசரமாக முடிக்கிறேன்.

தம்பி


ஜனவரி 28

தம்பிக்கு,

வழக்கமாக உள்ளதுதான் என்று எழுதியிருக்கிறாய். வடிகட்டினேன் என்று எழுதவில்லை.

சின்ன வயதில் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு, "டம்ளர்லாம் நாம பத்திரமாத்தானே வச்சுக்கறோம்?" என்று கேட்டவன் நீ. பூசி மெழுகாதே. ஒரு வரியில் பதில் எழுது.

அக்கா


பிப்ரவரி 3

அக்காவுக்கு,

வடிகட்டவில்லை.

ஒரு வரி கேட்டாய், எழுதிவிட்டேன். மீதியையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு மூச்சு விட முடியாது.

அன்று நர்ஸ் கொடுத்தது ஒரே ஒரு பாட்டில். நான் வந்து சேர்ந்தபோது மாலை ஆகிவிட்டது. முதலில் மெதுவாகச் சுழற்றிச் செல்களை அடியில் படிய வைக்க வேண்டும், மேலே தெளிந்த நீரை எடுக்க வேண்டும். அதைப் பைகள் மட்டும் நுழையும் மெல்லிய வடிகட்டியில் தள்ள வேண்டும். உன் நீர் மிகவும் கெட்டி. வடிகட்டியில் விட்டதும் அடைத்துக்கொண்டது. மாற்றினேன், இரண்டாவதும் அடைத்தது. ஒவ்வொரு வடிகட்டியிலும் கொஞ்சம் நீர் போய்விட்டது. யாரோ ஒருவருடைய நீர் என்றால் மூன்றாவது, நான்காவது என்று மாற்றிக்கொண்டே போயிருப்பேன். அது உன்னுடையது. ஊசி போட்டு எடுத்தது. நீ பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். ஒரு சொட்டை வீணாக்க மனசு வரவில்லை. பாத்திரத்தின் அடியில் இருந்ததைக்கூட வழித்து எடுத்தேன். வடிகட்டாமலே அடுத்த படிக்குப் போனேன்.

படிவத்தில் 'வடிகட்டப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் போட்டதும் நான்தான். கைப்பழக்கத்தில் போட்டுவிட்டேன் என்று உன்னிடம் சொல்லலாம் என்று இரண்டு நாளாக யோசித்தேன். இல்லை, தெரிந்துதான் போட்டேன். என்ன பெரிதாக மாறிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

உன் கேள்வியைப் படித்தபோது கால் நழுவின மாதிரி இருந்தது. பதினைந்து வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், எனக்குத் தெரிந்தே சறுக்கியிருக்கிறது.

உன் நீரில் ஒரு ட்யூப் மட்டும் உறைய வைத்தது மிச்சம் இருக்கிறது. உறைந்ததில் செல் பிழைக்காது, பை அப்படியே இருக்கும். அதை ஒழுங்காக வடிகட்டி மறுபடி சோதிக்கலாம். ஒரு தடவைக்குத்தான் போதும். புதிதாக எடுக்கலாம் என்றால், இப்போதைக்கு உன் வயிற்றில் எடுக்கும் அளவுக்கு நீர் இல்லை என்று டாக்டர் எழுதியிருக்கிறார். நல்ல செய்திதான், வந்த நேரம் சரியில்லை.

சோதித்து எண் நாற்பதுக்குக் கீழே வந்தால் உன்னைச் சேர்க்க மாட்டார்கள். சோதிக்காமல் விட்டால் மார்ச் முதல் செவ்வாய் நீ உள்ளே இருப்பாய். இது நம் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

என்ன செய்யட்டும் அக்கா? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

தம்பி


பிப்ரவரி 7

தம்பிக்கு,

என்ன செய்யட்டும் என்று இப்போது கேட்கிறாய். பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது கேட்டாயா? டிக் போடும்போது கேட்டாயா? நல்ல வேலையெல்லாம் நீ செய்துவிட்டு, பாரத்தை மட்டும் தூக்கி என் தலையில் வைக்கிறாய்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்தத் தவளை நான்தான். வடிகட்டினாயா என்று என்னை யார் கேட்கச் சொன்னது? வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் மார்ச் வந்திருக்கும், ஊசி ஏறியிருக்கும். மூன்று நாள் உன் அத்தானிடம் எரிந்து விழுந்தேன். அவருக்கு ஏன் என்று தெரியாது. உப்பு அதிகம், உப்பு குறைவு, கதவைச் சாத்தினீர்கள், கதவைச் சாத்தவில்லை என்று ஒவ்வொன்றாகப் பிடித்தேன். கடைசியில் அவர் என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "யார் மேல கோபம்னு சொல்லு, நான் போய்த் திட்டிட்டு வரேன்" என்று கத்தினார். சிரிப்பு வந்துவிட்டது. சொல்லவில்லை.

சரி, கேட்டுவிட்டாய், சொல்கிறேன். சோதித்துப் பார்.

நான் ஒன்றும் பெரிய சத்தியவாதி இல்லை. எனக்கு மாத்திரை கேட்கும் என்று தெரிந்தால் பொய் அறிக்கையோடும் போய் உட்காருவேன், உன்னை எவரிடமும் காட்டிக்கொடுக்கவும் மாட்டேன். ஆனால் பை பிரச்சினையே என் உடம்பில் இல்லையென்றால் அந்த மாத்திரை எனக்கு எதற்கு? ஓடாத மோட்டாருக்கு எண்ணெய் போடுவதா? வாந்தியும் வாய்ப்புண்ணும் உண்மையாக இருக்கும், மருந்து மட்டும் பொய்யாக இருக்கும். ஆறு தடவை அதைத் தாங்க என்னிடம் உடம்பு இல்லை.

இன்னொன்று. டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் மஞ்சள் துணி தலையில் கட்டிக்கொண்டு ஒரு பெண் உட்காருவாள். அவளுக்கும் என் வியாதிதான். அறிக்கை சரியாக வந்துவிட்டது, இடம்தான் இல்லை, யாராவது விலகினால் கூப்பிடுவார்கள் என்று காகிதத்தில் எழுதிக் காட்டினாள். அவளைப் பார்க்காமல் இருக்க நான் இப்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பி உட்காருகிறேன்.

மூன்றாவது வடிகட்டி, நான்காவது வடிகட்டி, எத்தனை அடைத்தாலும் மாற்று. எனக்காக மிச்சம் பிடிக்காதே.

இதை எழுதும்போது எண் நாற்பதுக்கு மேல் வர வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். அதையும் தெரிந்துகொள்.

அக்கா


பிப்ரவரி 22

அக்காவுக்கு,

பதினேழு.

வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஆறு வடிகட்டி ஆயிற்று. ட்யூபில் இருந்ததில் பாதிக்கு மேல் போய்விட்டது, மிச்சத்தை வைத்துத்தான் செய்தேன். பை போடாத தட்டில் பதின்மூன்று, உன் பைகள் போட்டதில் பதினேழு. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

பழைய தட்டில் பிழைத்திருந்தவற்றை அப்போதே குடுவையில் வளரவிட்டிருந்தேன். அவை யாருடைய செல் என்று மரபணுவைப் பார்த்துச் சொல்ல முடியும். பார்த்தேன். சாதுச் செல் பை போடாத தட்டில் பிழைத்த அளவுக்குத்தான் இருந்தது. மீதி அத்தனையும் உன்னுடையவை. நீ கேட்டது அப்படியே சரி. பைகள் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. உன் செல்கள்தான் நான் வழித்து ஊற்றியபோது கூடவே போய், மருந்தில் பத்து நாள் இருந்து, பெருகியிருக்கின்றன. உன் உடம்பில் மருந்து கேட்காமல் போனதற்குக் காரணம் வேறு ஏதோ. அது என்ன என்று எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை காலை மேடம் அறைக்குப் போனேன். முதலில் அது என் அக்கா என்று சொன்னேன், பிறகு வடிகட்டாததைச் சொன்னேன், பிறகு டிக். அவர் ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "நீ சொல்லியிருக்கலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றார். பாராட்டா திட்டா என்று இன்றுவரை விளங்கவில்லை. நான் கையெழுத்திட்ட மற்றப் பதினொரு பேரின் அறிக்கைகளையும் எடுத்து வைத்து இரண்டு நாள் சரிபார்த்தோம். பதினொன்றும் சுத்தம். எல்லோருடைய நீரையும் வடிகட்டியிருக்கிறேன். உன்னுடையதை மட்டும்தான் விட்டிருக்கிறேன்.

அறிக்கையைத் திரும்பப் பெற்றாயிற்று. டாக்டருக்குக் கடிதம் போயிருக்கிறது. சோதனை அறிக்கைகளில் இனி நான் கையெழுத்துப் போட முடியாது. தட்டு கழுவவும் கணக்கெடுக்கவும் போட்டிருக்கிறார்கள், விசாரணை முடியும் வரை. அது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தவன் நான். திரண்டது வெண்ணெயே இல்லை என்றாலும், நீ கையெழுத்துப் போட்டுவிட்டுக் காத்திருந்தாயே.

மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதி அடித்துவிட்டேன். கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், அதனால் கேட்கவில்லை.

உன் செல்கள் இங்கே இரண்டு குடுவையில் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. உன் ஒப்புதல் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. வைத்துக்கொள்வதா, அழிப்பதா என்று ஒரு வரி எழுது. இனி உனக்கு இதில் பெரிய நிம்மதி, அந்த ஊசியெல்லாம் வேண்டாம் என்பதுதானே என்று நினைத்து என்னைத் தேற்றிக்கொள்கிறேன்.

தம்பி


மார்ச் 1

தம்பிக்கு,

நிம்மதியா? எனக்கா?

உன் கடிதத்தில் கடைசி வரியைப் படித்துவிட்டுக் காகிதத்தைக் கசக்கிப் போட்டேன். பிறகு எழுந்து போய் எடுத்து நீவி வைத்தேன், குடுவைக்குப் பதில் எழுத வேண்டுமே என்று. நான் சேரத்தான் நினைத்தேன். செவ்வாய்க்கிழமைக்குப் பை எடுத்து வைத்திருந்தேன். மாற்றுத் துணி, குமட்டினால் வாயில் போட்டுக்கொள்ள மிட்டாய், தடித்த பேனா இரண்டு. களைத்துப்போன மனுஷிக்கு வாழ ஆசை இருக்காது என்று உனக்கு எவர் சொன்னது? களைப்பு உடம்புக்கு. எனக்கு ஐம்பத்து மூன்று வயதுதான் ஆகிறது.

டாக்டர் கூப்பிட்டு உட்கார வைத்து எழுதினார். மூன்று சீட்டு எழுதி மூன்றையும் கிழித்தார். நான்காவதில் 'வருந்துகிறேன்' என்று ஒரே சொல். அதன் கீழே ஒரு கோடு. நான் பேனாவை வாங்கி, 'தெரியும், நான்தான் கேள்வி கேட்டேன்' என்று எழுதிக் கொடுத்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவள் என்று உன் அத்தான் இப்போது என்னைக் கூப்பிடுகிறார். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன்னைத் திட்டிவிட்டு வரப் புறப்பட்டார், பேருந்து நிலையம் வரை போய்த் திரும்பி வந்தார். "அவன் முகத்தைப் பார்த்தா திட்ட வராது" என்றார்.

அந்த மஞ்சள் துணிப் பெண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். வாசலில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. சந்தோஷப்பட்டேன் என்று எழுத ஆசை. பொறாமைப்பட்டேன். வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டு யோசித்தபோது கொஞ்சம் சந்தோஷமும் வந்தது. அதற்கு இரண்டு நாள் ஆயிற்று.

உன்மேல் கோபம் இருக்கிறது. வடிகட்டாமல் விட்டதற்கு இல்லை. அதைப் படித்து அன்றைக்கு அழுதேன், எனக்காக ஒருத்தன் சொட்டு நீரை வழித்திருக்கிறான் என்று. டிக் போட்டாய் பார், அதற்குத்தான் கோபம். அது தீரக் கொஞ்ச நாள் ஆகும். மன்னிப்பைக் கேட்காமல் விட்டது நல்லது, கேட்டிருந்தால் கொடுத்துத் தொலைத்திருப்பேன்.

குடுவையைப் பற்றிக் கேட்டாய். வைத்துக்கொள். எதனால் மருந்து கேட்கவில்லை என்று தெரியாது என்றாயே, அதைக் கண்டுபிடி. உனக்குக் கையெழுத்துப் போட விடாவிட்டால் போட விடுகிற யாரிடமாவது கொடு. ஒப்புதல் காகிதம் இதோடு வைத்திருக்கிறேன், கையெழுத்துக் கோணலாக இருக்கும், அது என்னுடையதுதான்.

இனி வலிக்கு மட்டும் மருந்து. ஒரு நர்ஸ் வாரம் ஒரு நாள் வீட்டுக்கு வருவாள். எத்தனை மாதம் என்று டாக்டரிடம் கேட்டேன், அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

எல்லோரிடமும் நான் தைரியமாக இருக்கிறேன். உன் அத்தான் என்னைப் பார்த்துத்தான் சாப்பிடுகிறார், தூங்குகிறார், அதனால் அவரிடம் காட்ட முடியாது. நிலையத்திலிருந்து வருகிறவர்களிடம் ஜோக் அடித்து அனுப்புகிறேன். உன்னிடம் சொல்வதற்குத்தான் இவ்வளவு நீளம் எழுதினேன் போலிருக்கிறது. தம்பி, எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. சாவதற்கு முன் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ என்று எழுத மாட்டேன். இந்த வாரமே வா. வந்தால் உடனே கிளம்பாதே.

அக்கா